கற்பூர மரத்தின் கடற்பக்கம்

10 மே 1965
(எழுதியது. அனுப்பவில்லை.)

திரு. நுகாதா யோஹெய் அவர்களுக்கு,

நேற்று உங்களிடம் நான் சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கிறேன்.

பெண் பார்க்க வந்தவர் பேச வேண்டிய எதையும் நீங்கள் பேசவில்லை. தரகர் மியாவகி அம்மாள், கோயில் படிகளின் அடியிலேயே நின்று, "எனக்கு முட்டி வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் மெதுவா ஏறிப் போங்க" என்று நம்மைத் தனியாக அனுப்பினார். அவருக்கு முட்டிவலி கிடையாது. மேலே வந்ததும் நீங்கள் எங்கள் கற்பூர மரத்தை அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டீர்கள். கிளை முழுவதும் ஃபூரான் என்ற ஆர்க்கிட் செடி ஒட்டி வளர்ந்திருந்தது. பூசாரியின் மகளாகப் பிறந்து, தினம் அந்த மரத்தடியைப் பெருக்குகிறேன். ஆனாலும் அந்தச் செடிக்கு இத்தனை கதை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மண் வேண்டாம், காற்றைக் குடித்தே வாழும் என்றீர்கள். ஒசாகாவில் உங்கள் அக்கா வீட்டு மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறீர்கள். முந்நூறு வருடமாக ஆட்கள் காட்டில் இதைத் தேடி அலைகிறார்கள், வழக்கமான பச்சைக்காக அல்ல, எங்கோ ஒன்றில் வரும் வித்தியாசத்துக்காக. "ஒரே ஒரு இலை. அதுல ஒரு மஞ்சக் கோடு. அதைத் தொட்டியில இல்ல, மரத்துல பாக்கணும். பாத்துட்டாப் போதும்" என்றீர்கள். உடனே, இன்றைக்குப் பேச வேண்டிய பேச்சா இது என்று மன்னிப்பும் கேட்டீர்கள்.

அப்படி ஒன்று அதே மரத்தில் இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம், மூன்றாவது கிளை. படியிலிருந்து தெரியாது. கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கல் சுவரில் ஏறினால் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில் கண்ணில் பட்டது. மை காய்ந்த தூரிகையால் யாரோ இழுத்தது போன்ற மஞ்சள் கோடுகள். பதினைந்து வருடமாக மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

நேற்று வாயைத் திறந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நீங்கள் சும்மா நின்றிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் கையை உயர்த்தி, தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு சின்னச் செடியைப் பிய்த்து, கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினீர்கள்.

அதைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. இன்று காலை மியாவகி அம்மாளிடம், இந்த இடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

தமகி சிகுசா


28 மே 1965
ஒசாகா

செல்வி தமகி சிகுசா அவர்களுக்கு,

நான் இந்தக் கடிதத்தை எழுதக்கூடாது. வேண்டாம் என்ற பதில் நடுவில் இருப்பவர் வழியாக வந்த பிறகு, காரணம் கேட்டு எழுதுவது மரியாதை இல்லை. என் அக்கா தொமிகோவும் அதைத்தான் சொன்னாள்: "பொண்ணு வேணாம்னா வேணாம்தான்டா. அதுக்கு விளக்கம் கேட்டு எழுதறவன் இந்த ஒசாகாவுலயே நீ ஒருத்தன்தான்." தபால்தலையை ஒட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

நான் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன். எங்காவது ஒரு பாலத்தில் விரிசல் என்று தகவல் வந்தால், எந்த இடத்தில், எதனால் என்று தெரியாமல் எங்கள் அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அதே கெட்ட பழக்கம்தான் இது.

மியாவகி அம்மாளுக்கு எழுதிக் கேட்டேன். "காரணம் சொல்ல மாட்டேங்கறா, நல்ல பொண்ணு, ஆனா அழுத்தக்காரி" என்று பதில் போட்டார். அதனால் நானே யோசித்தேன். கடுகுக்கீரை ஊறுகாய் இலையில் சுற்றிய சோற்று உருண்டைகளை நீங்கள் கொண்டுவந்தீர்கள். நான் ஐந்து தின்றேன். நீங்கள் ஒன்று. அதுவா? இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் செடியைப் பற்றியே பேசினேன். அதுவா? அக்கா இரண்டாவதுதான் என்கிறாள். நான் உருண்டை என்கிறேன்.

உங்கள் மனதை மாற்ற எழுதவில்லை. ஒரு வரி போதும்.

நுகாதா யோஹெய்


5 ஜூன் 1965

திரு. நுகாதா அவர்களுக்கு,

உருண்டைகள் தின்பதற்காகத்தான் செய்தவை. செடியைப் பற்றி நீங்கள் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நான் எங்கள் ஊர் நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு விஷயத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்தவரை நேரில் பார்ப்பது அங்கே அபூர்வம்.

காரணம் உங்கள் கைக்குட்டை.

அது கோயில் மரம். புனித மரம் என்று காட்ட அடிமரத்தில் வைக்கோல் புரி கட்டியிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் கோயில் என்பதால் மட்டும் சொல்லவில்லை. திருடுகிறவர் எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்பார். நீங்கள் பார்க்கவே இல்லை. எடுப்பது உங்களுக்கு மூச்சு விடுவது போல இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

ஒரு வரி கேட்டீர்கள். நீண்டுவிட்டது.

சிகுசா


13 ஜூன் 1965
ஒசாகா

சிகுசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, உன்னை ஒரே தடவைல அளந்துட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போய் அரிசி களைந்தாள்.

சமாதானம் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். செடி வளர்க்கும் எங்கள் வட்டத்தில் மூக்கைத் துடைக்க யாரும் கைக்குட்டை வைத்துக்கொள்வதில்லை. மலையில் நடப்போம், அண்ணாந்து பார்ப்போம், கை போகும். எல்லோரும் செய்கிறோம். உங்கள் பக்கத்துக் கிஷூ மலைகளில் எட்டும் உயரத்தில் இப்போது ஒன்றுகூட இல்லை என்று கூட்டத்தில் உட்கார்ந்து வருத்தப்படுகிறவர்களும் நாங்களேதான். இரண்டையும் சேர்த்து நான் யோசித்தது, உங்கள் கடிதம் வந்த அன்றுதான்.

இன்னொன்று. அந்தச் செடி வெறும் பச்சை. எங்கள் ஆட்கள் அதைத் தொட்டியில் வைக்கக்கூட மாட்டார்கள். தேவை என்று எடுக்கவில்லை. அந்த நாளின் ஞாபகமாக எடுத்தேன். இதை எழுதும்போது இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது.

செடியை இத்துடன் அனுப்புகிறேன். மழைக்காலம் என்பதால் பிடித்துக்கொள்ளும். எடுத்த கிளையிலேயே, வேரின் கீழ் கொஞ்சம் பாசி வைத்து, பனைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். வேர் நுனி கண்ணாடி மாதிரி ஈரமாக, பச்சையாக இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

பதில் எதிர்பார்க்கவில்லை.

யோஹெய்


22 ஜூன் 1965

யோஹெய் அவர்களுக்கு,

கட்டிவிட்டேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்துதா?" என்று கேட்டார். "ஊருக்குப் போய்ட்டு வந்துது" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்விகள் குறைவு.

தொடாதே என்றால் தொடாமல் இருக்க முடியாது என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். இரண்டு நுனிகளை ஒரு விரலால் தொட்டேன். மூன்றாம் நாள் இரண்டும் கறுத்துவிட்டன. மீதி நான்கு நன்றாக இருக்கின்றன.

நூலகத்தில் பழைய தாவரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். காட்டில் இருக்கும்போது ஃபூரான், மேன்மக்கள் வளர்க்கும்போது ஃபுகிரான் என்று இருக்கிறது. ஒரே செடிக்கு இரண்டு பெயர் எதற்கு? எந்த நாளில் ஒன்று மற்றதாகிறது? தெரிந்தால் எழுதுங்கள். பதில் எதிர்பார்க்கிறேன்.

சிகுசா


3 ஜூலை 1965
ஒசாகா

சிகுசா அவர்களுக்கு,

கறுத்த நுனி அங்கேயே நின்றுவிடும். பின்னால் பக்கவாட்டில் ஒரு கிளை வேர் விடும். நானும் முதல் வருடம் பதினொரு நுனிகளைத் தொட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

பெயர் மாறுவது ஒரே நாளில் இல்லை. புதுசாகக் கோடோ சுருட்டையோ உள்ள செடி ஒருவர் கையில் வருகிறது. அதை வருடக்கணக்கில் வளர்க்கிறார். அதன் பக்கக் கன்றுகளும் தாய் மாதிரியே இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். கோடு உள்ள ஜாதி நம்ப முடியாதது. ஒரு கன்று முழுப் பச்சையாகிவிடும். ஒரு கன்று முழு வெள்ளையாக வந்து, தானாக உணவு செய்ய முடியாமல் போய்விடும். கோடு நிலைத்தால்தான் பெயர். பெயர் பட்டியலில் ஏறும். மல்யுத்த வீரர்களின் தரவரிசைத் தாள் மாதிரி வருடா வருடம் ஒரு தாள் அச்சாகும். அதில் சில செடிகள் ஒரு படி ஏறும், சில இறங்கும். இறங்கிய செடிக்கு அது தெரியாது. சொந்தக்காரருக்குத் தூக்கம் வராது.

கண்காட்சியில் நல்ல செடியின் முன்னால் குனிந்து வணங்குவோம். பிறகு வாய்க்கு முன்னால் ஒரு மடித்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிட்டப் போய்ப் பார்ப்போம், நம் மூச்சு அதன் மேல் படக்கூடாது என்று. அக்கா ஒரே ஒரு தடவை வந்தாள். வாசலிலேயே சத்தமாக, "என் முன்னாடி ஒரு நாளாவது இப்படி வாயை மூடியிருக்கியாடா?" என்று கேட்டாள். கமடா ஐயா திரும்பிப் பார்த்தார். அவர் எங்கள் சங்கத்தில் மூத்தவர், பட்டியலில் யார் ஏறுவது என்பது அவர் கையில்.

எங்களிடம் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. அபூர்வமான செடியை ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். ஒரு கன்றைப் பிரித்து இன்னொருவர் வீட்டில் கொடுத்துவைப்போம். தீயோ, எலியோ, நம் சொந்த முட்டாள்தனமோ நம்முடையதைக் கொன்றால், அந்த வீட்டில் போய் ஒரு கன்று திரும்பக் கேட்கலாம். அவர்கள் மறுக்கக் கூடாது.

உங்கள் மரத்தில் ஃபூரான் பூத்துவிட்டதா?

யோஹெய்


18 செப்டம்பர் 1965

யோஹெய் அவர்களுக்கு,

ஜூலையில் மரத்தில் ஃபூரான் பூத்ததை உங்களுக்கு எழுதினேன். சாயங்காலம் வாசனை படி இறங்கி நூலகம் வரை வந்ததையும் எழுதினேன். அந்தக் கடிதங்களிலும் ஒன்றைச் சொல்லாமலேயே வந்தேன். இப்போது வேறு வழியில்லை.

நேற்றைய புயலில் மரத்தின் கடற்பக்கக் கிளை முறிந்தது. வீட்டுக் கூரை ஓடுகள் போயின, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. விடிந்ததும் அப்பா ஓடுகளைப் பார்க்கப் போனார். நான் கிளையைப் பார்க்கப் போனேன்.

இந்தப் பெட்டியில் இருப்பதைத் திறந்து பாருங்கள். கடல் தண்ணீர் முழுக்க அடித்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். மூன்று தண்டுகளில் ஒன்று நசுங்கிவிட்டது. பெரியது ஒன்றும் அதன் இடுப்பில் சின்னது ஒன்றும் உயிரோடு இருக்கின்றன. வேரைக் கிளையிலிருந்து பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, பட்டையோடு சேர்த்து வெட்டினேன். குளிர் வரப்போகிறது. இதைக் காப்பாற்றத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

இதனுடன் மே மாதம் எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கிறது. அன்று அனுப்பவில்லை. முதலில் செடியைத் தண்ணீரில் வையுங்கள், பிறகு அதைப் படியுங்கள்.

இதை யாரிடமும் காட்ட வேண்டாம். இது எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டாம். வேறு எதுவும் கேட்கவில்லை.

சிகுசா


24 செப்டம்பர் 1965
ஒசாகா

சிகுசா அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன வரிசையில்தான் செய்தேன். முதலில் செடி, பிறகு கடிதம். இரண்டாவதைப் படித்த பிறகு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செடி பிழைக்கும் என்று நினைக்கிறேன். பெரிய தண்டில் ஏழு இலைகள், இரண்டு கிழிந்தவை. சின்னதில் நான்கு. பதினொன்றிலும் கோடு இருக்கிறது. எந்த இரண்டு இலையிலும் ஒரே மாதிரி இல்லை. நசுங்கியதை வெட்டி எடுத்துவிட்டேன். பட்டையை அகற்றவில்லை. அகற்றினால் வேர் போய்விடும். உள்ளே வெற்றிடம் விட்டு, மேடு போலப் பாசி சுற்றி, பழைய தொட்டி ஒன்றில் வைத்திருக்கிறேன். அழகான தொட்டியில் வைத்தால் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அக்காவின் துணிக்கொடிக்குப் பின்னால் இருக்கிறது.

மரத்தில் பார்த்தால் போதும் என்று அன்று உங்களிடம் பெரிதாகச் சொன்னேன். அதற்கு இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டு, பையில் ஒரு திருட்டுச் செடியோடு. இந்தச் செடியை இனி நான் மரத்தில் பார்க்க முடியாது. அது எனக்குத் தகுந்ததுதான்.

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அக்காவும் தானாகவே ஒரு காகிதம் எடுத்து வந்து பிடித்துக்கொண்டாள். பிறகு, "இதை உனக்கு அனுப்பினவ உன்னை வேணாம்னு சொன்னவளா?" என்று மட்டும் கேட்டாள்.

யோஹெய்


29 நவம்பர் 1965

நுகாதா அவர்களுக்கு,

இன்று ஒசாகாவிலிருந்து இரண்டு பேர் நீளமான மூங்கில் கம்புகளோடு கோயிலுக்கு வந்தார்கள். கோடு போட்ட ஃபூரான் கிடைத்த கற்பூர மரம் இதுதானா என்று அப்பாவிடம் கேட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தேன்.

தமகி சிகுசா


6 டிசம்பர் 1965
ஒசாகா

சிகுசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை. முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை அது முடிந்தது. இப்போது எழுதுகிறேன்.

நவம்பர் நடுவில் கமடா ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். அவர் மாடிக்குப் போய்க் காத்திருக்கிறார். கொடியில் கிடந்த போர்வை காற்றில் விலகியிருக்கிறது. நான் வந்தபோது துணிக்கொடியின் கீழே மண்டியிட்டு, வாய்க்கு முன்னால் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சந்தைக் கடையில் வாங்கினேன் என்றேன்.

"தம்பி, உனக்குப் பொய் வரல. இந்த வேருல ஒட்டியிருக்கற பட்டைய மோந்து பாரு. கற்பூரம். பட்டையில உப்பு படிஞ்சிருக்கு. புயலுக்கு அப்புறம் வந்திருக்கு. கிஷூ கடலோரத்துல அவ்வளவு பெரிய கற்பூர மரம்னா கோயில் மரம்தான்" என்றார்.

வேரைக் காப்பாற்ற விட்டுவைத்த பட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. கொஞ்ச வருடம் நிலைத்தால் பட்டியலில் ஏற்றுவதாகவும், பெயரை நானே வைக்கலாம் என்றும் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு. நான் வாயை மூடியிருந்த அந்த இரண்டு வாரத்தில் அவர் நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். அதில் இரண்டு பேரைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

நேற்றுச் சங்கக் கூட்டம். முப்பது பேர். நான் எழுந்து நின்று, அந்தச் செடி செத்துவிட்டது என்று சொன்னேன். பனி விழுந்த அன்று தண்ணீர் ஊற்றினேன், நடுத்தண்டு அழுகிவிட்டது, அது இருந்த கிளையும் புயலில் போய்விட்டது, அங்கே இனி எதுவும் இல்லை என்றேன். குளிரில் ஃபூரானுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எங்களில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் தன் இருக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கமடா ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வாசலில் என் தோளில் கை வைத்து, "போகட்டும் தம்பி. ஆனா இனிமே நல்ல செடி எதையும் நீ தொடாதே" என்றார்.

இந்தத் தடவை எனக்குப் பொய் வந்துவிட்டது போல.

செடி நன்றாக இருக்கிறது. குளிரில் இலை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அது வழக்கம்தான். துணிக்கொடிக்குப் பின்னாலிருந்து அக்காவின் அறைக்குள் போய்விட்டது. இனி அதற்குப் பெயர் கிடையாது, பட்டியல் கிடையாது. செத்த செடியை யாரும் தேட மாட்டார்கள். அதனால் மேயில் அது மரத்துக்குத் திரும்பலாம்.

ஒன்று கேட்க வேண்டும். பெரிய தண்டு மரத்துக்கு. சின்னது இங்கே, என் வீட்டில். வேறு வீட்டில் ஒரு கன்று இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை முன்பே எழுதியிருந்தேன். மரத்தை ஒரு வீடாக வைத்துக்கொண்டால், நான் இன்னொரு வீடு. வேண்டாம் என்றால் இரண்டையும் கொண்டுவருகிறேன். இந்தத் தடவை காரணம் கேட்டு எழுத மாட்டேன்.

யோஹெய்


8 ஜனவரி 1966

யோஹெய் அவர்களுக்கு,

புத்தாண்டுக் கூட்டம் முடிந்து இன்றுதான் கோயில் காலியானது. அதனால்தான் தாமதம். கோபத்தால் அல்ல.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். புத்தகங்களில் ஆட்கள் பெரிய தியாகங்கள் செய்வதைப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் வாள் இருக்கும், மழை பெய்யும். அறையில் ஒருவர் இருக்கையைத் தள்ளிப் போட்டுக்கொள்வது எதிலும் வரவில்லை.

மூங்கில் கம்போடு வந்தவர்கள் மறுபடி வரவில்லை. அப்பா அன்று அவர்களிடம் கம்பு எதற்கு என்று கேட்டிருக்கிறார். சும்மா என்றார்களாம். "சும்மாவா இருந்தா அதை வெச்சு ஒட்டடை அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார். அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

செடியைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கடைசி வரை கேட்டார். பிறகு, "அந்தக் கல் சுவர் மேல மாசத்துக்கு ஒரு தடவை நீ எதுக்கு ஏறறேன்னு நானும் பதினஞ்சு வருஷமா யோசிச்சுட்டுதான் இருக்கேன்" என்றார்.

சின்னது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

பெரியதை மே மாதம் நீங்களே கொண்டுவாருங்கள். மூன்றாவது கிளை இல்லை. இரண்டாவது கிளையில், கடலைப் பார்த்த பக்கம் ஒரு கவை இருக்கிறது. வெயிலும் காற்றும் அதேதான். அதை மரத்தில் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கட்டுகிறவர் பார்க்காமல் எப்படிக் கட்ட முடியும்?

மியாவகி அம்மாளிடம் நேற்றுப் போனேன். முன்பு நான் சொன்ன பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். "இத்தனை வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவர் உங்கள் அக்காவுக்கு எழுதுவார். எழுதும்போது நீங்கள் ஒன்றும் தெரியாதவர் போல இருங்கள். உங்களுக்குத்தான் பொய் வந்துவிட்டதே.

உருண்டை பத்து செய்கிறேன்.

சிகுசா


11 ஜூலை 1968
ஒசாகா

சிகுசாவுக்கு,

நீ பிறந்த வீட்டுக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது. அக்கா அதற்குள் மூன்று தடவை, "அவ இருந்தா இந்நேரம் இதைச் சொல்லியிருப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள். திருவிழாவில் அப்பாவுக்கு வேலை அதிகமா? ஏணியில் அவரை ஏற விடாதே.

ஒரு செய்தி. நம் சின்னதில் புது இலை முழுதாக விரிந்துவிட்டது. முழுப் பச்சை. போன வருடத்து இலையிலேயே கோடு ஒரு பக்கமாக ஒதுங்கியதைப் பார்த்தோமே, அது போய்விட்டது. நேற்று எழுந்த கன்றும் பச்சை. இனி இதில் கோடு வராது என்றுதான் நினைக்கிறேன். எதுவும் தப்பு நடக்கவில்லை. இந்த ஜாதி அப்படி. பூ மொட்டு மூன்று இருக்கிறது. வெறும் பச்சையை யாரும் தொட்டியில் வைப்பதில்லை என்று ஒரு காலத்தில் உனக்கு எழுதினேன். நான் வைத்திருக்கப் போகிறேன்.

கமடா ஐயாவை ரயில் நிலையத்தில் பார்த்தேன். இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார். குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றுவது பற்றி அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். மிகவும் பொறுமையாக. நான் குறித்துக்கொண்டேன்.

வழக்கத்தின்படி, நம்முடையது போய்விட்டால் மற்ற வீட்டில் ஒரு கன்று கேட்கலாம். மரத்தில் கன்று வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் கேட்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று யோசித்தேன். சொல்லாமல் விடுவது நம் இருவரில் உன் பழக்கம், அதனால் எழுதுகிறேன்.

யோஹெய்


15 ஜூலை 1968

யோஹெய்க்கு,

கடிதம் இன்று வந்தது. நூலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே படித்தேன்.

சாயங்காலம் ஏணியை எடுத்தோம். நான் ஏறினேன், அப்பா பிடித்துக்கொண்டார். நீங்கள் கட்டிய பனைநார் இற்றுப் போய்விட்டது. இப்போது அது தேவையில்லை, வேர்கள் தாமாகவே கவையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. தாய்ச்செடியில் ஒன்பது பூ. அடியில் ஒரு கன்று. மூன்று இலை. மூன்றிலும் கோடு இருக்கிறது.

காகிதம் எடுத்துப் போக மறந்துவிட்டேன். கைக்குட்டையை மடித்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பார்த்து முடித்ததும் அதை உதறிப் பையில் வைத்துக்கொண்டேன். கீழேயிருந்து அப்பா, "என்ன, கேட்டியா?" என்றார். அவர் உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை. நான் முகத்தில் எழுதி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

மரத்திடம் கன்று கேட்கவில்லை. இறங்கிவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணி ரயிலில் வருகிறேன்.

சிகுசா